கடிக்கிற குழந்தை: ஒன்றரை முதல் மூன்று வயது அறையில் என்ன செய்யலாம்?

#1 மழலையறை

வணக்கம். பெரிய அலுவலகம் ஒன்றோடு சேர்ந்த காப்பகம். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை 14 குழந்தைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர், சமையலுக்கும் சுத்தத்துக்கும் ஓர் ஆயா. 22 மாதப் பையன் ஒருவன் இரண்டு வாரத்தில் ஆறு முறை கடித்துவிட்டான், அதில் நான்கு முறை ஒரே பெண் குழந்தையை. இரண்டு தடவை பல் நன்றாகப் பதிந்திருக்கிறது, ரத்தம் வரவில்லை. மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம், "சாரி சொல்லு" என்றோம், அவன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். எதிலும் குறையவில்லை. கடிபட்ட குழந்தையின் பெற்றோர் அவனை நிறுத்தச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

#2 ஏணிப்படி

நிறுத்துகிற பேச்சை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஒரு தாளில் தொடங்குங்கள். நேரம், இடம், கடிக்கு முந்தைய பத்து நிமிடம் அறையில் நடந்தது, யாரை, உடம்பில் எங்கே, பெரியவர்கள் இருவரும் அப்போது எங்கே நின்றார்கள், கடித்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. இந்த ஏழும் தனித்தனிக் கட்டம். கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், ஆனால் பாதி விடை அங்கேதான் இருக்கிறது. பொம்மை கிடைத்ததா? கூட்டத்திலிருந்து தப்பினானா? யாராவது ஓடிவந்து தூக்கினார்களா?

எழுதும்போது "கோபத்தில் கடித்தான்", "வேண்டுமென்றே கடித்தான்" என்று எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இப்படி: "சிவப்பு லாரியை அவள் இழுத்தாள். இவன் 'ஆ ஆ' என்றான். யாரும் திரும்பவில்லை. இழுத்த கையைக் கடித்தான். லாரி இவனிடம் வந்தது." வாயைத் திறந்துகொண்டு சாய்ந்து, நாம் தடுத்துவிட்ட தருணங்களையும் அதே தாளில் சேருங்கள். கடி ஒன்றுக்கு இப்படி நாலைந்து இருக்கும். ஐந்து வேலை நாள் போதும், உருவம் தெரிய ஆரம்பிக்கும்.

கடித்த இடமும் பேசும். கையிலும் முழங்கையருகிலும் என்றால் பெரும்பாலும் பொருளுக்கான இழுபறி. முதுகிலும் தோளிலும் என்றால் நெருக்கிப் பிடித்து உட்காரவைத்திருக்கிறோம் என்று பொருள். கன்னத்தில் என்றால் கொஞ்சப் போய் முடிந்த கடியாக இருக்கலாம்.

அவன் வயதையும் கணக்கில் எடுங்கள். இரண்டாம் கடைவாய்ப் பற்கள் ஏறக்குறைய 23 முதல் 33 மாதத்துக்குள் முளைக்கும், ஈறு அதற்கு முன்பே வீங்கத் தொடங்கும். "எனக்கு", "வேணாம்", "தள்ளு" என்ற மூன்று சொல்லும் வாயில் இல்லாத குழந்தைக்கு அந்த மூன்றுக்கும் சேர்த்து இருப்பது பல் ஒன்றுதான்.

#3 செவிலி_வாசல்

நடத்தைக்கு முன்னால் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல இடங்களில் இதைச் சரியாகச் செய்வதில்லை.

தோல் கிழியவில்லை என்றால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்கவும். ஐஸ் கட்டியை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடமாவது கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். முகம், கைவிரல் என்றால் தாமதமே கூடாது. மனித வாயில் கிருமி அதிகம், விரல் மூட்டில் பட்ட சின்னக் கடியும் சீழ் பிடிக்கும். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதையும் அப்ப வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று நாள் சிவப்பு பரவுகிறதா, சூடாக இருக்கிறதா, காய்ச்சல் வருகிறதா என்று வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தம் வந்திருந்தால் கடித்த குழந்தையின் வாயையும் தண்ணீரால் துடைத்து, இரண்டு வீட்டுக்கும் சொல்ல வேண்டும். இரண்டு குழந்தைகளின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் போடும் மஞ்சள் காமாலை பி ஊசி, 6, 10, 14 வாரத்தில் ஐந்து நோய்த் தடுப்பூசி, 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு ஊக்க ஊசி. உங்கள் அறையின் வயதில் அந்த ஊக்க ஊசிதான் விடுபட்டுப் போகும். அட்டை நகலைச் சேர்க்கையின்போதே வாங்கிவைத்திருந்தால் அந்த நேரத்தில் தேட வேண்டாம்.

#4 பால்வாடி_டீச்சர்

மழலையறை, கடிச்ச நேரம் ஆறும் ஞாபகம் இருக்கா? பந்தயம் கட்டாத குறையா சொல்றேன், சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம்தான் அதிகமா இருக்கும். பசி, தூக்கம், காத்திருப்பு மூணும் சேர்ற நேரம் அது. பெரியவங்க ரெண்டு பேரும் தட்டு, தண்ணி, கை கழுவுறதுன்னு திரும்பி நிற்கிற நேரமும் அதுதான்.

எல்லாரையும் ஒரே வரிசையில நிக்கவைச்சு கை கழுவ விடாதீங்க. ரெண்டு வயசுக் குழந்தைக்கு வரிசைங்கிறதே புரியாது. முன்னாடி நிக்கிற முதுகு வாய்க்கு நேரா இருக்கு, அவ்வளவுதான். நாலு நாலு பேரா கூட்டிட்டுப் போங்க. ஒருத்தர் குழாய்கிட்ட, இன்னொருத்தர் மீதிப் பத்துப் பேரோட தரையில உக்காந்து. நிக்கக் கூடாது, உக்காரணும். குழந்தை முகம் உங்க முகத்துக்கு நேரா இருந்தா வாய் திறக்கிறது முன்னாடியே தெரியும்.

தட்டுல சோறு ஆறவைச்ச பிறகுதான் குழந்தைகளை உக்காரவைக்கணும். உக்காரவைச்சுட்டு ஆறவைக்கக் கூடாது. வெறும் தட்டு முன்னாடி ரெண்டு நிமிஷத்துக்கு மேல உக்கார இந்த வயசுக்கு முடியாது.

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல சாப்பிடப் போறோம்"னு சொல்றதும் வீண். அஞ்சு நிமிஷம்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. தினமும் ஒரே பாட்டு, அதே பாட்டு, அது முடியும்போது பொம்மைக் கூடை மூடும். ஒரு வாரத்துல பாட்டு ஆரம்பிக்கும்போதே அதுங்களா கூடைகிட்ட வரும்.

#5 இரட்டையர்_அப்பா

பெற்றோராகக் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள், கடித்தால் திருப்பி லேசாகக் கடித்துக் காட்டினால் வலி தெரிந்து நிறுத்திவிடும் என்கிறார்கள். உதட்டில் மிளகாய் தொட்டு வைப்பதும் உண்டு. தாள் எழுதுவதும் பாட்டுப் பாடுவதும் சரி, ஆனால் கண்டிப்பு என்ற ஒன்று எங்கே வருகிறது? கடிபட்ட குழந்தைக்கு நியாயம் வேண்டாமா?

#6 ஏணிப்படி

நியாயமான கேள்வி. கடிபட்ட குழந்தைக்கு உடனே கிடைக்க வேண்டியது பெரியவரின் மடி. அது கிடைக்காமல், எல்லாரும் கடித்தவனைச் சுற்றி நின்று பேசுவதைத்தான் பல அறைகளில் பார்க்கலாம். அந்தக் குழந்தைக்கு நடக்கும் அநியாயம் அங்கேதான் இருக்கிறது.

திருப்பிக் கடிப்பதைப் பற்றி: தனக்கு வலிப்பதிலிருந்து "நான் கடித்தபோது அவளுக்கும் இப்படித்தான் வலித்திருக்கும்" என்று போய்ச்சேர இரண்டு தாவல் வேண்டும். 22 மாதத்தில் அந்தத் தாவல் வராது. பெரியவர்களும் கடிப்பார்கள் என்பது மட்டும் பதியும். மிளகாய் உதட்டிலிருந்து கைக்கும், கையிலிருந்து கண்ணுக்கும் போகும். மூச்சுக்குழலுக்குள் போனால் ஆபத்து.

காப்பகத்தில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் துன்புறுத்துவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் குற்றம். பராமரிப்பை ஏற்ற அமைப்பின் ஊழியரோ நிர்வாகியோ செய்தால் தண்டனை ஐந்து ஆண்டு கடுங்காவல் வரையும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் வரையும் போகும். பெற்றோரே "நீங்க ஒரு அடி போடுங்க, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று சொன்னாலும், எழுதிக் கொடுத்தாலும், ஊழியருக்கு அது பாதுகாப்பு ஆகாது. புதிதாகச் சேரும் ஆயாக்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கண்டிப்பு வருகிற இடத்தை நிழல்மரம் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#7 நிழல்மரம்

கடி நடந்த அந்த ஒரு நிமிடத்தைச் சொல்கிறேன். கண்டிப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

பல் இன்னும் பிடியில் இருந்தால் இழுக்காதீர்கள், இழுத்தால் தோல் கிழியும். கடிபடுகிற கையைக் கடிக்கிற வாயை நோக்கி மெல்ல அழுத்தினால் தாடை தானாகத் தளரும். விட்டதும் இருவருக்கும் நடுவில் உங்கள் உடம்பை வையுங்கள். கடித்தவன் கண்மட்டத்துக்குக் குனிந்து, சிரிக்காத முகத்தோடு, கத்தாமல், இரண்டு வாக்கியம்: "கடிக்கக் கூடாது. அவளுக்கு வலிக்குது." அத்தோடு நிறுத்துங்கள். "நல்ல பிள்ளை கடிக்குமா? நேத்துதானே சொன்னேன்? அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று நீட்டினால் இந்த வயதில் அது அறிவுரை ஆகாது, முழு நிமிடம் அவன் ஒருவனுக்கே கிடைத்த கவனம் ஆகிவிடும். உடனே திரும்பி, கடிபட்ட குழந்தையை மடியில் எடுங்கள். அவன் அதைப் பார்க்க வேண்டும். அரை நிமிடம் கழித்து, ஈரத்துணியைப் பிடிக்க அவனையும் கூப்பிடலாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பிறகு அவனுக்கு வேண்டியிருந்ததற்கு ஒரு சொல் கொடுங்கள். லாரி வேண்டும் என்றால் கையை நீட்டி "எனக்கு". நெருக்கம் பிடிக்கவில்லை என்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டி "தள்ளு". நீங்களே அவன் கையைப் பிடித்துச் செய்துகாட்டி, அவன் பாதி செய்தாலும் உடனே பலிக்கவைக்க வேண்டும். "எனக்கு" என்று சொன்ன முதல் பத்துப் பதினைந்து முறையும் அது பலிக்காமல் போனால், எப்போதும் பலிக்கிற பல்லுக்கே திரும்புவான்.

மூலை நாற்காலியைப் பற்றி. வீட்டில், மூன்று வயதை ஒட்டிய குழந்தைக்கு, வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் தனியே உட்காரவைப்பதை மருத்துவர்கள் சிலர் சொல்வதுண்டு. அதை 22 மாதத்துக்கும், அதுவும் 14 பேர் அறைக்கும் கொண்டுவரக் கூடாது. ஏன் உட்காரவைத்தார்கள் என்பது நாற்காலிக்குப் போவதற்குள் மறந்துவிடும். உட்காரவைக்க ஒரு பெரியவர் அங்கேயே மாட்டிக்கொள்வதால் மீதி 13 பேருக்கு ஒருவர்தான் மிஞ்சுவார். சத்தமும் நெருக்கமும் தாங்காமல் கடிக்கிறவன் என்றால் மூலை அவனுக்குப் பரிசு, கடித்தால் அமைதி கிடைக்கிறதே!

"சாரி சொல்லு" என்பதையும் விடுங்கள். சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் கடித்தால் "சாரி சொல்லிட்டுக் கடிக்கிறான், எவ்வளவு அழுத்தம்" என்று பெரியவர்களுக்குத்தான் கோபம் கூடும்.

#8 பால்வாடி_டீச்சர்

ஒரு வாரம் இப்படிச் செஞ்சா முதல் மூணு நாலு நாள் கடி கூடும், அதையும் சொல்லிடுங்க. இதுவரைக்கும் ஓடிவந்து தூக்கினவங்க திடீர்னு தூக்கலைன்னா, இன்னும் பலமா செஞ்சு பார்க்கும். அங்க மனசு விட்டுட்டு பழைய வழிக்குப் போனா, பலமா கடிச்சாத்தான் கிடைக்கும்னு கத்துக்கும்.

வீட்டுல கேக்க வேண்டியது ரெண்டு இருக்கு. "கடிச்சுத் தின்னுடுவேன்"னு சொல்லி கன்னத்தையும் காலையும் விளையாட்டா கடிக்கிறாங்களா? நம்ம ஊர்ல தாத்தா பாட்டி வரைக்கும் செய்வாங்க, பாசம்தான். ஆனா அந்தக் குழந்தைக்குக் கடிங்கிறது சிரிப்பு வர்ற விளையாட்டு. இங்க வந்து கன்னத்தைக் கடிச்சுட்டு சிரிக்கும், நாம "பாரு, கடிச்சுட்டு சிரிக்குது"ன்னு திட்டுவோம். ரெண்டாவது, விழுந்தா தரையை அடிக்கிற பழக்கம். "தரைதானே இடிச்சுச்சு, அடி அதை"ன்னு கையைப் பிடிச்சு அடிக்கவைப்போம். வலிச்சா யாரையாவது அடிக்கணும்னு நாமளே பாடம் எடுக்கிறோம். ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க, குத்தம் சொல்ற மாதிரி இல்லாம.

பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுற டாக்டர், இந்த மூணு பேரையும் அறைக்குள்ள கூப்பிடாதீங்க. பயந்த குழந்தை தூங்காது, தூங்காத குழந்தை அடுத்த நாள் கடிக்கும். தடுப்பூசி நாள்ல அழுது தீர்க்கிற குழந்தைகள்ல பாதி நம்ம வாயால பயந்ததுதான்.

#9 மழலையறை

ஐந்து நாள் தாள் தயார். கடி மூன்று, தடுத்தவை பதினொன்று. பதினான்கில் ஒன்பது, 11.20 முதல் 12 மணிக்குள். பால்வாடி டீச்சர் சொன்னதே. எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. அந்த ஒன்பதில் ஆறு, 11.15-க்கு வரும் அம்மாக்கள் பார்த்துவிட்டுத் திரும்பிய பத்து நிமிடத்துக்குள். அவன் அம்மா வேறு கட்டிடம், அந்த நேரத்தில் வர முடியாது. கடிபடும் பெண் குழந்தையின் அம்மா தினமும் வருகிறார். மற்றவை மஞ்சள் தள்ளுவண்டி பக்கம். அறையில் அது ஒன்றுதான் இருக்கிறது.

#10 ஏணிப்படி

உங்கள் தாள் நன்றாகப் பேசிவிட்டது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இருக்கும் விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை வந்து பார்க்கலாம், ஓய்வு இடைவேளையும் அதில் சேர்த்தி. அது தாய்மாரின் உரிமை, குறைக்கச் சொல்லக் கூடாது. ஆனால் பத்து அம்மாக்கள் அறைக்குள் வந்து திரும்பும்போது, அம்மா வராத குழந்தைக்கும், வந்து போய்விட்ட குழந்தைக்கும் ஒரே நேரத்தில் அடிவயிறு கலங்குகிறது. அவன் கண்ணெதிரில் மடியில் இருந்துவிட்டு அழுதுகொண்டு திரும்புகிற குழந்தை அவள். அவளையே தேடிப்போவதில் வியப்பில்லை.

செய்யக்கூடியவை. அம்மாக்களைப் பார்க்க விளையாட்டு அறைக்கு வெளியே ஒரு மூலையை ஒதுக்குங்கள், பாய் விரித்துத் திரைபோட்டால் போதும். குழந்தையை அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப வாங்கிவாருங்கள். அம்மா சொல்லாமல் நழுவக் கூடாது, "அம்மா போயிட்டு வரேன்" சொல்லித்தான் போக வேண்டும். அழுகை அப்போது கூடினாலும், நழுவிப்போனால் நாள் முழுக்கக் கதவையே பார்க்கும். அவன் அம்மாவுக்கு வேறு நேரத்தில், முடிந்தால் காலை 10 மணிக்கு, ஒரு வருகை ஒழுங்கு செய்யுங்கள்.

11.15-க்கு உங்களில் ஒருவர் அவனுக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் உட்காருங்கள். பத்து நாளைக்கு இது மாறாத வேலையாக இருக்கட்டும். அதே நேரம் நாலைந்து பேரைத் தண்ணீர் விளையாட்டுக்கு வெளியே கூட்டிப்போனால் அறை காலியாகும். தண்ணீர்த் தொட்டி என்றால் ஒருவர் அதைவிட்டு அசையவே கூடாது, முடிந்ததும் கவிழ்த்துவிட வேண்டும். சாப்பாட்டை 11.45-லிருந்து 11.20-க்கு முன்னால் கொண்டுவர முடிகிறதா என்று சமையலில் கேளுங்கள். முடியாவிட்டால் 10.45-க்கு மசித்த வாழைப்பழம்.

மஞ்சள் வண்டியைப் பற்றி: அதே போல் இன்னொன்று வாங்குங்கள், அதே நிறத்தில். நீலம் வாங்கினால் இரண்டு பேரும் மஞ்சளுக்கே சண்டை போடுவார்கள். பகிர்ந்து விளையாடச் சொல்வது மூன்றரை, நான்கு வயதுப் பாடம்.

கடிக்க ஏதாவது கையில் வேண்டும் என்றால் சுத்தமான துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொடுங்கள், அவனுக்கென்று தனியாக, தினம் துவைத்து. பச்சைக் கேரட் துண்டு வேண்டாம், புரையேறும். கழுத்தில் மாட்டும் பல்மணி மாலையும் மரக்கவைக்கும் ஈறு மருந்தும் வேண்டாம்.

#11 இரட்டையர்_அப்பா

நன்றி, ஏணிப்படி. திருப்பிக் கடிப்பதைப் பற்றிச் சொன்னதை வீட்டில் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஸ்டார் ஒட்டும் அட்டை? "இன்று கடிக்கவில்லை" என்றால் ஒரு ஸ்டார்?

#12 நிழல்மரம்

இரண்டு வயதுக்கு வேண்டாம். மாலையில் கிடைக்கும் ஸ்டாரைக் காலையில் செய்யாமல் விட்டதோடு அந்தக் குழந்தையால் முடிச்சுப்போட முடியாது. அந்த இடத்திலேயே, நடந்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்: "கையை நீட்டி எனக்குன்னு கேட்டே, அவ குடுத்தா!" வெறும் "குட் பாய்" எதற்கென்று தெரியாது. சுவரில் பெயரோடு அட்டை ஒட்டினால், வருகிற எல்லாப் பெற்றோருக்கும் கடிக்கிறவன் யார் என்று தெரிந்துவிடும், அதனாலும் கூடாது.

மழலையறை, அவன் பேச்சையும் பாருங்கள். 24 மாதம் முடியும்போது "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியத் திட்டம் 2013-இலிருந்து இருக்கிறது. அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்க்கும். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (வளர்ச்சிக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டு உதவும் இடம்) அனுப்புவார்கள். தனியார் காப்பகக் குழந்தைகளின் பெற்றோர் அரசு மருத்துவமனையில் கேட்கலாம். மூன்று வயது தாண்டியும் வாரத்துக்குப் பல கடி என்றால், தன்னையே கடித்துக்கொண்டால், காத்திருக்க வேண்டாம்.

#13 மழலையறை

திங்கள் முதல் திரை மூலையும் நாலு நாலு பேராகக் கை கழுவுவதும் தொடங்குகிறோம். அந்தப் பெண் குழந்தையின் பெற்றோர் நாளை மாலை வருகிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லக் கூடாது?

#14 ஏணிப்படி

நின்றுகொண்டு வாசலில் பேசாதீர்கள், உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும், அது உண்மையாக இருந்தாலும். கடித்தவன் பெயரை நீங்கள் சொல்லக் கூடாது, அவர்களுக்குத் தெரிந்திருந்தாலும். அவன் வீட்டு நிலவரமும் கூடாது.

இப்படித் தொடங்கலாம்: "பாப்பாவுக்கு எங்க பொறுப்புல இருக்கும்போது நாலு தடவை காயம் பட்டிருக்கு. அதுக்கு நாங்கதான் பொறுப்பு. எந்த நேரத்துல நடக்குதுன்னு அஞ்சு நாள் எழுதிப் பார்த்தோம். 11.20-லேருந்து 12 மணிக்குள்ள. அந்த நேரத்துல இனிமே பாப்பா இந்த இடத்துல, இவங்க பக்கத்துல இருப்பா." இடத்தையும் ஆளையும் கையால் காட்டுங்கள். இரண்டு வாரம் தினமும் மாலை ஒரு வரி எழுதி அனுப்புவதாகச் சொல்லுங்கள், கடி நடக்காத நாளிலும் அனுப்புங்கள். அடுத்த சந்திப்புத் தேதியை அப்போதே குறித்துக் கொடுங்கள். தாளை எடுத்துப் போகும்போது அவன் பெயர் இருக்கிற கட்டத்தை மறைத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.